மெய்ப்பாட்டு நோக்கில் மல்லன் உடல்: தாரா சிங்கின் அனுமன்

ஆய்வுச் சுருக்கம்

மல்யுத்த வீரராகப் பெரும்புகழ் பெற்றுப் பின் திரைப்படங்களிலும், 1987–88ஆம் ஆண்டுகளில் தூர்தர்ஷன் ஒளிபரப்பிய ‘ராமாயண்’ தொடரிலும் நடித்தவர் தாரா சிங் (1928–2012). அவருடைய அனுமன் நடிப்பைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் வழி இக்கட்டுரை மதிப்பிடுகிறது. ‘விளையாட்டு வீரர் நடிகரானார்’ என்னும் வாய்பாடு அவருக்குப் பொருந்தாது. கோதாவில் நின்ற காலத்திலேயே அவர் நிகழ்த்துகலைஞராக இருந்தார் என்பது கட்டுரையின் கருதுகோள். இந்தி அறியாத தமிழ்ப் பார்வையாளர் முன் அவ்வுடல் பெற்ற பொருளும், கம்பனின் அனுமனோடு ஒப்பிடும்போது அந்நடிப்பில் புலப்படும் குறையும் விவாதிக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: மெய்ப்பாடு, பெருமிதம், அடக்கம், மற்போர், தாரா சிங், அனுமன், தூர்தர்ஷன், கம்பராமாயணம்

முன்னுரை

‘பெரிய தாரா சிங் என்று நினைப்போ?’ என்னும் கேள்வி தமிழ்நாட்டுப் பேச்சுவழக்கில் இன்றும் உண்டு. பஞ்சாபி ஒருவரின் இயற்பெயர் தமிழில் உடல்வலிமையைக் குறிக்கும் பொதுப்பெயராகிவிட்டது. முந்தைய தலைமுறைக்கு அப்பெயர் கோதாவை நினைவூட்டியது. 1987க்குப் பின் வளர்ந்த தலைமுறைக்கு அதே பெயர் கதை ஏந்திய அனுமனை நினைவூட்டியது. ஒரே உடல் இரு தலைமுறைக்கு இருவேறு பொருள் தந்திருக்கிறது. எனினும் அந்நடிப்பைப் பற்றிய மதிப்பீடு பெரும்பாலும் ‘நல்ல உடற்கட்டு; நடிப்பு சுமார்’ என்ற அளவில் நின்றுவிடுகிறது. பஞ்சாபி வாடை மாறாத இந்தி உச்சரிப்பும், நிறுத்தி நிறுத்திப் பேசும் முறையும் அவருடைய குறைகளாகச் சுட்டப்படுவது வழக்கம்.

இம்மதிப்பீட்டின் அடியில் ஓர் எடுகோள் உள்ளது. நடிப்பு என்பது முதன்மையாகச் சொல்லாற்றல் என்பதே அது. தமிழ்த் திரைத் திறனாய்வு இந்த எடுகோளை எளிதில் ஏற்கும். ‘பராசக்தி’ (1952) முதலாக வசனத்தையே அளவுகோலாகக் கொண்டு வளர்ந்த திறனாய்வு அது. உடல் அதில் சண்டைக் காட்சிக்கும் நடனத்துக்கும் உரிய உட்பிரிவாகச் சுருங்கியது. ஆனால் சொல்லுக்கு முன் மெய்யை வைத்து இலக்கணம் வகுத்த மரபும் தமிழுக்கே உரியது. அம்மரபைக் கொண்டு தாரா சிங்கின் அனுமனை அளந்தால் கிடைக்கும் மதிப்பீடு வேறாகிறது. அது முழுப் பாராட்டாகவும் அமைவதில்லை.

சண்டை வீரர் சின்னத்திரைக்கு வருவது இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. நியூயார்க் நகரின் புரூக்லின் பகுதியைச் சேர்ந்த தொழில்முறைக் குத்துச்சண்டை வீரர் டோனி டான்சா, 1978இல் தொடங்கிய ‘டாக்சி’ என்னும் அமெரிக்கத் தொடரில் நடிக்க வந்தபோது, அவருக்குக் குத்துச்சண்டை வீரர் பாத்திரமே தரப்பட்டது. பாத்திரத்தின் முதற்பெயரும் டோனியாகவே ஆயிற்று. அங்கு வீரரின் உடல் வீரரையே குறித்தது. இங்கோ ஒரு மல்லரின் உடலில் தெய்வம் ஏற்றப்பட்டது. இந்த வேறுபாடு வெறும் கதைத் தேர்வால் விளைந்ததா, மல்லுக்கும் குத்துச்சண்டைக்கும் உள்ள நிகழ்த்துமுறை வேறுபாட்டால் விளைந்ததா என்று கேட்க வேண்டியுள்ளது.

கோதாவிலிருந்து திரைக்கு

அமிர்தசரஸ் மாவட்டத்துத் தர்மூசக் சிற்றூரில் 1928 நவம்பர் 19 அன்று பிறந்த தாரா சிங், 1947இல் சிங்கப்பூருக்குச் சென்றார். அங்கு ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே ஹர்னாம் சிங்கிடம் மல்யுத்தம் பயின்றார். தென்கிழக்காசியக் கோதாக்களில் பெயர் பெற்ற பின் நாடு திரும்பி, 1954இல் ‘ருஸ்தம்-ஏ-ஹிந்த்’ பட்டம் வென்றார். 1959இல் கொல்கத்தாவில் கனடாவின் ஜார்ஜ் கோர்டியென்கோவை வென்று காமன்வெல்த் வாகையராகவும், 1968இல் மும்பையில் அமெரிக்காவின் லூ தெஸை வென்று உலக வாகையராகவும் அறிவிக்கப்பட்டார். அங்கேரியில் பிறந்த எமில் சாயா, ‘கிங் காங்’ என்ற பெயரில் அவரோடு மோதிய போட்டிகள் தனிப்புகழ் உடையவை. தம்மினும் மிகுந்த எடையுள்ள அம்மனிதரைத் தலைக்குமேல் தூக்கிச் சுழற்றிய காட்சியே தாரா சிங் என்ற பெயரோடு மக்கள் நினைவில் ஒட்டிக்கொண்டது. கோதாவிலிருந்து அவர் விடைபெற்றது 1983இல்.

திரைப்படம் இதற்குப் பின் வந்ததன்று, இணையாகவே நடந்தது. 1952இல் வெளிவந்த ‘சங்தில்’ படத்தில் சிறு தோற்றம். 1962இல் பாபுபாய் மிஸ்திரி இயக்கிய ‘கிங் காங்’ படத்தில் கதைத்தலைவன். எதிரியின் கோதாப் பெயரே அவருடைய முதல் பெரிய படத்தின் பெயராகவும் அமைந்தது கவனிக்கத்தக்கது. தொடர்ந்து ‘ஃபவுலாத்’ (1963), ‘சாம்சன்’ (1964), ‘சிக்கந்தர்-ஏ-ஆசம்’ (1965) எனச் சண்டைப் படங்கள் வரிசையாக வந்தன. மும்தாஜுடன் அவர் நடித்த படங்கள் இரண்டாம்தரப் படங்கள் என்று ஒதுக்கப்பட்டாலும், சிற்றூர்க் கொட்டகைகளை நிரப்பியவை அவையே. ‘மேரா நாம் ஜோக்கர்’ (1970), ‘ஆனந்த்’ (1971) ஆகிய பெரும்படங்களிலும் அவர் வந்தார். 1976இல் சந்திரகாந்த் இயக்கிய ‘பஜ்ரங்பலி’ படத்தில் முதன்முறை அனுமனானார். தொலைக்காட்சி அனுமன் திடீரென்று நேர்ந்த தேர்வன்று என்பதற்கு இப்படம் சான்று.

இக்காலவரிசை ஒன்றைத் தெளிவாக்குகிறது. சண்டையிடுதலும் நடித்தலும் அவருடைய வாழ்வில் முப்பது ஆண்டுகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. ஒன்றை விட்டு மற்றொன்றுக்குத் தாவிய புள்ளி எதுவும் அதில் இல்லை.

மற்போரும் பார்வையாளரும்

தொழில்முறை மல்யுத்தத்தின் முடிவுகள் பெரும்பாலும் முன்பே பேசிவைக்கப்பட்டவை என்பது உலகறிந்தது. தாரா சிங்கின் போட்டிகள் குறித்தும் இவ்வையம் எழுப்பப்பட்டதுண்டு. விளையாட்டு என்ற நோக்கில் இது குற்றச்சாட்டு. நிகழ்த்துகலை என்ற நோக்கில் இதுவே விளக்கம். ரோலான் பார்த் 1957இல் வெளியிட்ட ‘மித்தாலஜீஸ்’ நூலின் முதற்கட்டுரை இதைப் பற்றியதே. குத்துச்சண்டையில் பார்வையாளர் முடிவை எதிர்நோக்கியிருக்கிறார். மல்யுத்தத்திலோ ஒவ்வொரு கணத்தின் தோற்றத்தையும் அப்போதைக்கப்போது படித்துக்கொள்கிறார். வேதனை, வஞ்சம், நீதி எல்லாம் கடைசி இருக்கை வரை தெரியும்படி உடலில் பெரிதாக எழுதப்படுகின்றன என்பது அவர் வாதத்தின் சாரம். டான்சாவின் உடல் அவரையே குறித்ததற்கும் தாரா சிங்கின் உடல் பிறிதொன்றைக் குறிக்க முடிந்ததற்கும் காரணம் இங்குள்ளது. மல்லர் கோதாவில் இறங்கும்போதே ஒரு பாத்திரத்தை அணிந்துதான் இறங்குகிறார்.

பார்த்தின் கருத்து தமிழ் ஆய்வாளருக்குப் புதிதாகத் தோன்ற வேண்டியதில்லை. புறநானூற்றின் 80 முதல் 85 வரையுள்ள ஆறு பாடல்கள் சோழன் போர்வைக்கோப் பெருநற்கிள்ளியைப் பற்றியவை. முதல் மூன்று சாத்தந்தையார் பாடியவை. பின் மூன்று பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார் பாடியவை. ஆமூர் மல்லனோடு கிள்ளி பொருத காட்சியை எண்பதாம் பாடல் மிக நுணுக்கமாக நிறுத்திக் காட்டுகிறது. ஒரு முழந்தாள் எதிரியின் மார்பில் ஊன்றியிருக்க, மற்றொரு கால் அவன் செய்யவரும் சூழ்ச்சியைத் தடுத்து முதுகுப்புறம் வளைந்திருக்கும் நிலை அது. இன்றைய மல்யுத்தப் பிடி ஒன்றின் படவிளக்கம் போலவே இதைப் படிக்கலாம்.

ஆனால் பாடலின் உயிர் பிடியில் இல்லை. அதைக் காண வேண்டியவரில் இருக்கிறது. மகனோடு பகைகொண்ட தந்தை தித்தன், விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், இக்காட்சியைக் காண வேண்டும் என்பதே புலவர் வேட்கை. எண்பத்தைந்தாம் பாடலில் பார்வையாளர் கூட்டமே பேசுபொருளாகிறது. வெற்றி அவனுடையது என்பார் சிலர், அன்று என்பார் சிலர் என ஊர் இருகூறாகப் பிரிந்து நிற்க, ஓடிச்சென்று மரத்தில் சாய்ந்து நின்று பார்த்த ஒருத்தி தான் கண்டதைச் சொல்கிறாள். அங்கே மல்லன் ஒரு சொல்லும் பேசுவதில்லை. அவன் உடலைப் பார்ப்பவர்கள்தாம் பேசுகிறார்கள். மற்போரைப் பற்றிய தமிழின் தொன்மையான விவரிப்புகளுள் ஒன்று, உடலுக்கும் பார்வைக்கும் இடையில் நிகழ்வதையே பாடுபொருளாகத் தேர்ந்திருக்கிறது. சங்கப் பாடல்களில் விளையாட்டுச் செய்திகளைத் தொகுக்கும் ஆய்வுகள் இப்பாடல்களை ‘மற்போர்’ என்ற தலைப்பின்கீழ் ஒரு சான்றாக மட்டும் அடுக்கிவிட்டுக் கடந்துபோவது பேரிழப்பு.

மொழி அறியாப் பார்வையாளர்

‘ராமாயண்’ 1987 சனவரி 25 அன்று தொடங்கி 1988 சூலை 31 வரை ஞாயிறு காலைகளில் 78 பகுதிகளாக நாடெங்கும் இந்தியில் ஒளிபரப்பாயிற்று. தமிழ்நாட்டில் அக்காலம் எளியதன்று. 1986இல் இந்தி எதிர்ப்புப் போராட்டம் மீண்டும் எழுந்து, அவ்வாண்டின் இறுதியில் தி.மு.க. சட்டமன்ற உறுப்பினர்கள் பத்துப் பேர் பதவி இழந்திருந்தனர். அடுத்த மாதமே இத்தொடர் வந்தது. அரசியல் மேடையில் மறுக்கப்பட்ட மொழி ஞாயிறு காலையில் வீட்டுக்குள் ஒலித்தது.

இம்முரணைத் தொடரின் பக்திச்சுவை கொண்டு மட்டும் விளக்குவது போதாது. அன்றைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்துக்குள் இருந்த பெரம்பலூர், குரும்பலூர் போன்ற உள்நாட்டு ஊர்களில் இந்தி அறியாத ஒருவர் இத்தொடரின் முன் அமர்ந்தால், அவருக்கு எஞ்சுவது என்ன? கதை முன்பே தெரியும். கூத்தும் தோற்பாவை நிழற்கூத்தும் கோயில் சுதையும் அதைச் சொல்லிவைத்திருக்கின்றன. உரையாடல் ஓசையாக மட்டும் வந்து சேர்கிறது. ஆக, அவர் படிக்கக்கூடிய ஒரே பனுவல் உடலாகிறது. தசரதனின் நீண்ட புலம்பலும் கைகேயியின் வாதமும் இப்பார்வையாளரிடம் பாதியாகக் குறைந்து போகும். தாரா சிங்கிடம் குறைய எதுவும் இல்லை. இந்தி அறிந்தவர் குறை கண்ட உச்சரிப்பு, இந்தி அறியாதவர் முன் குறையாக நிற்பதே இல்லை. நடிப்பின் தரம் நடிகரிடம் மட்டும் இல்லை, பார்ப்பவரின் மொழியறிவு அதில் கூட்டவும் கழிக்கவும் செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

தமிழ்ப் பார்வையாளரின் கண் வெற்றுக்கண்ணாகவும் இருக்கவில்லை. பெரம்பலூருக்கு மேற்கே நாமக்கல்லில் பதினெட்டு அடி உயரத்தில் நிற்கும் ஆஞ்சநேயர், கூப்பிய கையராய் எதிரே நரசிம்மரை நோக்கி நிற்கிறார். வடபுலத்து நாட்காட்டிப் படங்களில் கதையும் மலையும் ஏந்திப் பறக்கும் அனுமனே மிகுதி. உயரமும் பணிவும் ஒரே கல்லில் கூடிய வடிவத்துக்குப் பழகிய கண், தாரா சிங்கிடம் எதைத் தேடியிருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

பெருமிதமும் அடக்கமும்

தொல்காப்பியர் வகுத்த எட்டு மெய்ப்பாடுகளில் வடமொழி மரபின் வீரத்துக்கு ஈடாக நிற்பது பெருமிதம். கல்வி, தறுகண், இசைமை, கொடை என்னும் நான்கு அதன் நிலைக்களன்கள். ஒருவர் உள்ளத்தில் நிகழ்வது பார்ப்பவருக்குத் தானே புலப்படும் வண்ணம் வெளிப்படுதலே மெய்ப்பாடு என்பது பேராசிரியர் உரையின் கருத்து. எட்டுக்கும் அப்பால் உடைமை முதலாக வரும் முப்பத்திரண்டு மெய்ப்பாடுகளில் அடக்கமும் ஒன்று. உயர்ந்தோர் முன் மொழி பணிதல், நடை தணிதல், மேலாடையை மடக்கிக்கொள்ளுதல், வாய்புதைத்தல் போன்றவற்றை அதன் அடையாளங்களாக உரைமரபு சுட்டும். இப்பட்டியலில் பெரும்பகுதி உடற்செயல் என்பதைக் காண வேண்டும்.

தாரா சிங்கின் அனுமனை இவ்விரண்டின் இணைப்பாகப் படிக்கலாம். வாயைச் சுற்றிலும் குரங்குமுக ஒப்பனை பொருத்தப்பட்டதால் உதட்டசைவும் கன்னத்தசையும் பெரும்பாலும் மறைந்துவிட்டன. முகத்தை நம்பி நடிப்பவருக்கு இது பேரிடர். கோதாவின் கடைசி வரிசைக்கும் தெரிய வேண்டும் என்று முப்பது ஆண்டுகள் முதுகாலும் தோளாலும் பேசியவருக்கு இது இடர் ஆகவில்லை. மார்பை முன்னிறுத்தி, கைகளை விலாவிலிருந்து சற்று விலக்கி, எடையை இருகாலிலும் பரப்பி நிற்கும் அவருடைய நிலை மல்லரின் நிலையே. அசோகவனத்தில் அரக்கரை எதிர்கொள்ளும்போது அந்நிலை எவ்வித மாற்றமும் இன்றி வெளிப்படுகிறது. அங்கே அவர் நடிக்கவில்லை என்றுகூடச் சொல்லலாம். தம் பழைய தொழிலைத் தொடர்கிறார்.

இராமன் முன் வரும்போதுதான் அவ்வுடல் மாறுகிறது. தோள்கள் உள்நோக்கிக் குவிகின்றன, கழுத்து தாழ்கிறது, பெரிய உள்ளங்கைகள் மார்போடு சேர்கின்றன, நடையில் ஒரு தயக்கம் வருகிறது. உரைமரபு சொல்லும் நடைதணிதல் இதுவே. அடங்குவதற்கு ஏதேனும் இருந்தால்தான் அடக்கம் மெய்ப்பாடாகும். மெலிந்த உடல் குனிவது இயல்பாகவே தோன்றும். இவ்வளவு பெரிய உடல் குனியும்போது அதற்கொரு காரணம் இருக்க வேண்டும் என்று பார்ப்பவர் உணர்கிறார். அந்தக் காரணத்துக்குப் பக்தி என்று பெயரிடுவது பார்வையாளரே.

இசைமை என்னும் நிலைக்களனும் இங்கே செயற்படுகிறது. தாரா சிங்கைப் பார்த்தவர்கள் வெறும் பாத்திரத்தைப் பார்க்கவில்லை. கிங் காங்கைத் தூக்கிய கைகளையே பார்த்தார்கள். சஞ்சீவி மலையைத் தூக்கும் காட்சியின் தந்திரப்படப்பிடிப்பு இன்றைய கண்ணுக்கு மிக எளியது. பறக்கும் உருவம் பின்னணியோடு ஒட்டாமல் தனியே மிதக்கிறது. ஆயினும் அக்காட்சி நம்பத்தக்கதாக நின்றதற்குக் காரணம் தொழில்நுட்பம் அன்று, நடிகரின் முற்புகழ். மலை பொய்யென்று தெரிந்தாலும் தூக்கும் கை மெய்யென்று பார்வையாளருக்குத் தெரிந்திருந்தது.

சொல்லின் செல்வன்

இதுவரை சொன்னவை அவர் பக்கம். தமிழ் வாசகருக்கு எதிர்வழக்கு ஒன்று உண்டு, அது வலுவானது. தொடரின் மூலநூல்களுள் ஒன்றாகக் கம்பராமாயணமும் தொடக்க எழுத்துகளில் சுட்டப்படுகிறது. அக்கம்பனின் அனுமன் முதலில் வெளிப்படுவது உடலால் அன்று. கிட்கிந்தையில் மாணவ வடிவில் வந்து பேசுகிறான். அப்பேச்சைக் கேட்ட இராமன் அவனைச் சொல்லின் செல்வன் என்று அறிகிறான். பேருருவம் அதற்குப் பின்னரே காட்டப்படுகிறது. பெருமிதத்தின் நான்கு நிலைக்களன்களில் கல்வியே முதலில் நிற்பதையும் இங்கு நினைக்க வேண்டும். தறுகணும் இசைமையும் தாரா சிங்கிடம் நிறைந்துள்ளன. தன்னையே கொடுக்கும் அடியவனின் கொடையும் ஓரளவு உண்டு. கல்வி இல்லை.

இக்குறை இராவணன் அவைக்களத்தில் வெளிப்படையாகிறது. அக்காட்சியில் அனுமன் கட்டுண்டவன். உடல் செயலற்றுக் கிடக்க, சொல் ஒன்றே படைக்கலம். தூதன் நயமும் நீதியும் எச்சரிக்கையும் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துவைக்க வேண்டிய இடம் அது. தாரா சிங் அவற்றை ஒரே தாளத்தில், ஒரே உரப்பில், மனனம் செய்ததை ஒப்பிப்பதுபோல் சொல்லிச் செல்கிறார். எதிரே இராவணனாக நிற்கும் அரவிந்த் திரிவேதி நாடகமேடைக் குரலால் அவையை நிரப்பும்போது இவ்வேறுபாடு இன்னும் துலங்குகிறது. வாலில் தீ வைத்த பின்னரே அனுமன் மீண்டும் உயிர்பெறுகிறான். மொழி அறியாப் பார்வையாளருக்கு இக்குறை தெரியாது என்ற முன்னைய வாதம் இங்கே முழுமையாகச் செல்லாது. சொல் புரியாவிட்டாலும் சொல்லின் ஏற்ற இறக்கம் கேட்கும். அது இல்லாதபோது இல்லாமையும் கேட்கும்.

எனினும் கம்பனே சொல்லுக்கு முன் மெய்யை வைத்த இடம் ஒன்றுண்டு. இலங்கையிலிருந்து மீண்ட அனுமன், கண்டேன் என்னும் செய்தியை முதலில் வைத்துச் சீதையின் நிலையைச் சொன்ன நுட்பம் பட்டிமன்றங்களிலும் பாடநூல்களிலும் மிகுதியாகப் பேசப்படுவது. அதற்கு முந்தைய கணம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. வந்தவன் இராமன் அடியை வணங்காமல், சீதை இருக்கும் தென்திசை நோக்கித் தரையில் விழுந்து வணங்குகிறான். குறிப்பறியும் இராமன் அச்செயலைப் பார்த்தே, அவள் உயிரோடிருக்கிறாள், கற்பும் நலமும் குன்றாதிருக்கிறாள் என்று உணர்ந்துகொள்கிறான். சொல்லின் செல்வன் முதலில் உடலாலேயே செய்தி சொன்னான். பின்னர் வந்த சொல் அதற்கு உரை. கம்பனின் அனுமனைச் சொல்லாளனாக மட்டும் கொண்டு தாரா சிங்கைக் கழிப்பது கம்பனுக்கும் நேர்மையாகாது. அவைக்களத்துத் தூதனாகத் தோற்றவர், திசைநோக்கி விழுந்து வணங்கும் இந்த அனுமனுக்கு மிகப் பொருந்திய உடலைக் கொண்டிருந்தார்.

பின்வந்த உடல்கள்

1988 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ‘மகாபாரத்’ தொடரில் பீமனாக நடித்த பிரவீன் குமார் சோப்தி மற்றொரு விளையாட்டு வீரர். 1966, 1970 ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் வட்டெறிதலில் தங்கம் வென்றவர், ஒலிம்பிக்கிலும் பங்கேற்றவர். வென்ற பதக்கங்களின் மெய்ம்மையில் எவரும் ஐயுற இடமில்லை. ஆனால் வட்டெறிபவர் பார்வையாளருக்காக எறிவதில்லை, அளவுநாடாவுக்காக எறிகிறார். அவருடைய பீமன் உருவப் பெருமையால் நினைவில் நிற்கிறானே தவிர, அவ்வுருவம் சூழலுக்கேற்ப மாறிப் பொருள் தருவது குறைவு. மெய்யான விளையாட்டிலிருந்து வந்தவரைவிட, முடிவு பேசிவைக்கப்பட்ட விளையாட்டிலிருந்து வந்தவர் சிறந்த நடிகரானார் என்பது கேலியாகத் தோன்றினும் உண்மை.

இவ்வுடலின் அரசியலையும் தவிர்க்க முடியாது. இத்தொடருக்கும் அயோத்தி இயக்கத்துக்கும் உள்ள தொடர்பை அரவிந்த் ராஜகோபால் 2001இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். சீதையாக நடித்தவரும் இராவணனாக நடித்தவரும் 1991 தேர்தலில் பாரதிய ஜனதா கட்சி சார்பில் மக்களவைக்குச் சென்றனர். தாரா சிங் 2003இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார்; அவ்வாறு நியமனம் பெற்ற முதல் விளையாட்டு வீரர் அவரே. மெய்ப்பாடு அரசியலுக்கு அப்பாற்பட்டது என்று கொள்வதற்கு இவ்வரலாறு இடம் தராது. ஆயினும் எந்த மெய்ப்பாடு அரசியலுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது, எது விடப்பட்டது என்று பிரித்துக் காண இயலும். 2015இல் காசர்கோட்டு ஓவியர் கரண் ஆச்சார்யா வரைந்து, பின் வண்டிக் கண்ணாடிகள்தோறும் ஒட்டப்பட்ட அனுமன் முகத்தில் வெகுளி மட்டுமே உண்டு. முகம் மட்டுமே அமைந்த அப்படத்தில் குனிவதற்கு உடலே இல்லை.

தாரா சிங்கின் மகன் விந்து 1995இல் ‘ஜெய் வீர் ஹனுமான்’ தொடரில் அதே வேடம் ஏற்றார். அதன்பின் வந்த தொடர்களின் அனுமன்கள் பலரிடம் உடற்பயிற்சிக் கூடத்தில் செதுக்கிய தசைக்கோடுகளைக் காணலாம். கோதாவில் உருவான உடல் அவ்வாறானதன்று. அதில் வயிறு உண்டு, எடை உண்டு, தரையைப் பற்றும் பருத்த கால்கள் உண்டு. அது காட்சிக்காக வரையப்பட்டதன்று, பிடிப்பதற்காக வளர்ந்தது. தமிழகத்தில் நிகழ்ந்ததோ நேரெதிர். வடசென்னையின் சார்பட்டா, இடியப்ப நாயக்கர் பரம்பரைகளின் குத்துச்சண்டை மரபு 2021இல் பா. இரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ வழியே வீட்டுத்திரைக்கு வந்தபோது, வீரர் நடிகராகவில்லை. நடிகர் ஆர்யா பயிற்சி பெற்று வீரரின் உடலை உருவாக்கிக்கொண்டார். அப்பரம்பரைகளில் வளர்ந்த ஒருவரின் சொந்த உடல் தமிழ்ச் சின்னத்திரையில் தாரா சிங் அளவுக்கு மையமாக நின்றதில்லை. எந்த மாநிலத்து, எந்தச் சமூகத்து மல்லுடலில் தெய்வத்தை ஏற்ற முடிந்தது, எதில் முடியவில்லை என்பது தனியே ஆராய வேண்டிய பொருள்.

2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது ‘ராமாயண்’ மறுஒளிபரப்பானபோது தாரா சிங் மறைந்து ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. படப்பிடிப்புக் காலத்தில் அவருக்கு வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. இராமனாக நடித்த அருண் கோவிலுக்கு முப்பதை ஒட்டிய வயது. இராமன் முன் அனுமன் முழந்தாளிடும் காட்சிகளில், அப்பேருடல் முதலில் ஒரு காலை ஊன்றி, கையைத் தொடைமேல் வைத்து, மற்றொரு காலை மெல்ல மடக்குகிறது. அத்தயக்கத்தில் முப்பது ஆண்டுக்காலக் கோதாவில் தேய்ந்த மூட்டுகளுக்குரிய பங்கு எவ்வளவு, பாத்திரத்துக்குரிய பங்கு எவ்வளவு என்று பிரிக்க இயலாது. பார்ப்பவர் அதை அடக்கம் என்றே கொள்கிறார்.